பிரித்த உறக்கமும் குறைத்த உறக்கமும்

காரக்கோணம் பக்கம் ரப்பர் தோட்டங்கள் நிறைய. என் அப்பா அங்கே பால் வெட்டும் தொழிலாளி. இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவார். இரண்டரைக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். வெயில் ஏறினால் மரத்தினுள் நீரழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். மதியம் கஞ்சி குடித்துவிட்டு மறுபடி உறங்குவார்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் சென்ற மாதம் ஓர் அட்டவணையைக் காட்டினான். நான்கு மணிக்கொரு முறை இருபது நிமிடம். ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டே மணி நேர உறக்கம்! "தாத்தாவும் துண்டு துண்டாகத்தானே உறங்கினார்?" என்றான்.

தாத்தா உறக்கத்தைப் பிரித்தார், குறைக்கவில்லை என்றேன். முற்கால ஐரோப்பியர் 'முதல் உறக்கம்', 'இரண்டாம் உறக்கம்' என இரவைப் பிரித்துக்கொண்டதை வரலாற்றாசிரியர் ரோஜர் எக்கிர்ச் 2001-இல் எழுதினார். அவர்களும் இரண்டு மணி நேரத்தோடு எழுந்துவிடவில்லை. இத்தகைய அட்டவணைகளால் பயனில்லை, உடலுக்கும் மனதுக்கும் கேடுதான் என்று அமெரிக்க தேசிய உறக்க அறக்கட்டளையின் வல்லுநர் குழு 2021-இல் கூறியது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும்.

"நீங்கள் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள், அப்பா?" என்று கேட்டான். இரண்டு வேலை பார்க்கும் எனக்கு ஐந்துகூடத் தேறாது. வாயடைத்துப் போனேன்.

அன்பர்களே, கடனடைக்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் நாம் முதலில் விற்பது உறக்கத்தைத்தான். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு உறக்கம் வீண் என்றுதானே தோன்றும்? இம்மாதத்தோடு மாலை வேலையை விடுகிறேன். வருமானம் குறையும், மகனுக்குப் புத்தி சொல்ல வாயிருக்கும்.