நூறை எட்டும் நேரமும் நிற்கும் தூரமும்

கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி?" விளம்பரங்களும் இந்த எண்ணையே பெரிதாக அச்சிடுகின்றன. அந்த எண் பொய்யல்ல. அதில் நல்ல இயற்பியல் அடங்கியிருக்கிறது. ஆனால் மயிலாப்பூர் போன்ற ஊரின் தெருக்களில் ஓடும் காருக்கு அதுதான் சரியான அளவுகோலா? அன்று என்பதே என் கருத்து. கணக்கிட்டே பார்ப்போம்.

மயிலாப்பூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே, சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில், 2007-இல் தொடங்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இருக்கிறது. அங்கே பூட்டி முடிக்கப்பட்ட இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2021-இல் விற்பனைக்கு வந்த எம்340ஐ என்னும் தாழ்வான, வேகத்துக்கென்றே அமைந்த செடான். மற்றொன்று, 2023-இல் வந்த எக்ஸ்5 என்னும் உயரமான எஸ்.யூ.வி. இரண்டிலும் 3 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பெட்ரோல் எஞ்சின். செடானின் திறன் 387 குதிரைத் திறன்; எஸ்.யூ.வி.யின் திறன் 381. இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்கிறது. ஆயினும் நூறை எட்டச் செடானுக்கு 4.4 விநாடியும் எஸ்.யூ.வி.க்கு 5.4 விநாடியும் ஆகும் என்று நிறுவனம் கூறுகிறது.

இந்த ஒரு விநாடி வேறுபாட்டுக்குக் காரணம் யாது? முதற்காரணம் நிறை. செடான் சுமார் 1.7 டன், எஸ்.யூ.வி. சுமார் 2.2 டன். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 27.8 மீட்டர். அந்த வேகத்தில் செடானின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 6.6 லட்சம் ஜூல், எஸ்.யூ.வி.யின் இயக்க ஆற்றல் 8.5 லட்சம் ஜூல். ஏறக்குறைய ஒரே திறனுள்ள எஞ்சின் அதிக ஆற்றலைத் தர வேண்டுமானால் அதிக நேரம் ஆகத்தானே செய்யும்? சராசரி முடுக்கம் செடானுக்கு விநாடிக்கு விநாடி 6.3 மீட்டர், எஸ்.யூ.வி.க்கு 5.1 மீட்டர். இரண்டுமே புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்கு மேல் என்பதைக் கவனியுங்கள்.

இனி, இந்த இரண்டு கார்களையும் மயிலாப்பூருக்குக் கொண்டுவருவோம். சென்னையில் கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் என்றும், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர் என்றும் போக்குவரத்துக் காவல்துறை 2023-இல் வேக வரம்பு விதித்தது. மேற்கண்ட சராசரி முடுக்கத்தைக் கொண்டே கணக்கிட்டால், 30-ஐ எட்டச் செடானுக்கு 1.3 விநாடி, எஸ்.யூ.வி.க்கு 1.6 விநாடி. வேறுபாடு வெறும் 0.3 விநாடி! லஸ் முனையில் ஒரு சிவப்பு விளக்கு விழுந்தால் இரண்டு கார்களும் அருகருகே நின்றுவிடும்.

பயன் இல்லை என்பதோடு செய்தி முடியவில்லை, ஆபத்தும் இருக்கிறது. செடான் 60-ஐ எட்ட வெறும் 22 மீட்டர் போதும், எஸ்.யூ.வி.க்கு 27 மீட்டர். இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்தைச் சற்றே ஒட்டிய தூரம் இது. நெரிசலில் இவ்வளவு இடைவெளி கிடைத்தாலே ஓட்டுநர் 60-ஐத் தொட்டுவிடலாம். அந்த 60-இலிருந்து நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் கார் 16.7 மீட்டர் ஓடிவிடும். பிறகு, உலர்ந்த சாலையில் விநாடிக்கு விநாடி 8 மீட்டர் என்ற அளவில் வேகம் குறைந்தால் மேலும் 17.4 மீட்டர். ஆக மொத்தம் 34 மீட்டர். வேகம் பெறும் தூரத்தைவிட நிற்கும் தூரம் மிகுதி!

30-இல் வரும் காருக்கு நிற்க 13 மீட்டர் போதும். அந்த 13 மீட்டருக்கு முன்னால் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு தெருவுக்குள் ஓடிவருகிறான் என்று கொள்வோம். 30-இல் வரும் கார் அவனைத் தொடாமல் நின்றுவிடும். 60-இல் வரும் காரோ, ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுமுன்பே, அதே 60-இல் அவன்மீது மோதும்.

கனமான கார் நிற்க அதிகத் தூரம் ஆகுமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல டயரும் நல்ல பிரேக்கும் இருந்தால் பெரிய வேறுபாடு இராது. நிறை கூடும்போது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு விசையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. ஆனால் இரு கார்கள் மோதும்போது இலேசான காரில் இருப்பவருக்கே அதிர்ச்சி அதிகம். நடந்து செல்பவருக்கோ 1.7 டன்னும் 2.2 டன்னும் ஒன்றுதான். அவரைப் பொறுத்தவரை வேகமும் முகப்பின் வடிவமுமே முக்கியம். ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த முகப்புள்ள வண்டிகள், 75 சென்டிமீட்டருக்கு மிகாத சாய்வான முகப்புள்ளவற்றைவிட, பாதசாரியின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் பத்தில் ஏழு பேரின் மரணத்துக்கு மிதமிஞ்சிய வேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை குறிப்பிடுகிறது.

பங்குனித் திருவிழாவில் கபாலீசுவரர் தேர் மாட வீதிகளில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர் நூற்றுக்கணக்கானோர். ஆனால் முட்டுக்கட்டை போடுபவர் இல்லாமல் தேரை யாரும் நகர்த்துவதில்லை. இழுப்பதற்கு முன்பே நிறுத்துவதற்கு வழி செய்துகொண்டவர்கள் நம் முன்னோர்.

வேகத்தில் விருப்பம் கொள்வது தவறன்று. அதற்கென்றே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் இருக்கிறது. தெருவில் ஓடும் காருக்கோ வேறு எண் வேண்டும். நூறை எட்டும் நேரத்தை அச்சிடும் ஒவ்வொரு விளம்பரமும், அதே அளவு எழுத்தில், 60-இலிருந்து நிற்கும் தூரத்தையும் முகப்பின் உயரத்தையும் அச்சிட வேண்டும் என்று சட்டம் வரட்டும். அதுவரை அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். உங்கள் வீட்டில் கார் வாங்கப் பேச்சு எழும்போது, பென்சிலும் தாளும் எடுத்து நிற்கும் தூரத்தைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். அதற்கு வேண்டிய சமன்பாடுகள் எல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன.