கொறங்காட்டைத் தரிசு என்று எழுதலாமா?

கொங்கு நாட்டில் ‘காடு’ என்றால் வனமன்று. மழையை நம்பிய புன்செய் நிலம். அவற்றுள் கொறங்காடு என்பது இம்மண்ணின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய மேய்ச்சல் நிலம். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில் இன்றும் அதைக் காணலாம். கோவையிலிருந்து அவ்வழியே செல்லும்போதெல்லாம், கிளுவை வேலி இருந்த இடங்களில் கம்பி வேலிகளும் சூரிய மின்தகடுகளும் வீட்டுமனைக் கற்களும் பெருகிவருவதைப் பார்க்கிறேன்.

கொறங்காட்டின் அமைப்பு எளியது: சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் புல், மழை பெய்ததும் தழைத்துவிடும். புல் குறையும் காலத்தில் வெள்வேலங்காய்கள் ஆடுமாடுகளுக்குத் தீவனமாகும். நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் புல்லின் வேர் அழிவதில்லை. அவ்வேர்களும் உழப்படாத மண்ணும் கரிமத்தைப் பிடித்து வைக்கின்றன. வேலி, கவுதாரிக்கும் கீரிக்கும் ஓணானுக்கும் புகலிடம். காங்கேயம் மாட்டினம் செழித்ததும் இந்நிலத்தில்தான். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் நாட்டு மாடுகளுக்காகக் குரல் கொடுத்த நாம், அவற்றின் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

சிக்கல் நம் கணக்கில் இருக்கிறது. பயிர் செய்யாத நிலம் தரிசு என்பதே நம் பார்வை. மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பும் புதர் நிலங்களையும் சீரழிந்த மேய்ச்சல் நிலங்களையும் அந்த வகையில்தான் சேர்க்கிறது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கப்பட்டது. நல்ல இலக்கு. ஆனால், நடும் கன்றுக்குக் கிடைக்கும் மதிப்பு, ஏற்கெனவே நிற்கும் வெள்வேலத்துக்கும் கிடைக்க வேண்டாமா?

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேய்ச்சலைவிட உறுதியான குத்தகைப் பணம் வரும்போது நிலத்தைக் கொடுக்கும் உழவரைக் குறைகூறவும் முடியாது. ஊருக்கெல்லாம் பயன் தரும் நிலத்தைக் காக்கும் செலவை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. வருவாய்ப் பதிவேடுகளில் கொறங்காட்டுக்குத் தனி வகைப்பாடு வேண்டும். அதைப் பராமரிப்போருக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்க வேண்டும். மின்தகடுகளுக்குக் கோவை, திருப்பூர் ஆலைகளின் கூரைகளை முதலில் பயன்படுத்தலாம்.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்துள்ளது. அரசு செயல்பட இதைவிடப் பொருத்தமான தருணம் இல்லை. பிடுங்கி எறிந்த கிளுவை வேலியை ஒரு நிதியாண்டில் வளர்த்துவிட முடியாது.