பாதிக் காதல்

பள்ளிப் பிள்ளைகளின் காதலைக் காட்டித் தொலைக்காட்சி நம்மைக் கெடுக்கிறது என்பது பெரியவர்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. நான் சொல்ல வந்த குறை வேறு. சின்னத்திரை காதலைக் காட்டுகிறது என்பதல்ல, பாதிக் காதலைத்தான் காட்டுகிறது என்பதே என் வழக்கு.

தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கிய அதே 2006-ஆம் ஆண்டில்தான் விஜய் தொலைக்காட்சியில் 'கனா காணும் காலங்கள்' தொடர் வந்தது. மாமியாரும் மருமகளும் மாறி மாறி அழுதுகொண்டிருந்த பெட்டிக்குள் சீருடை அணிந்த பிள்ளைகள் நுழைந்தார்கள். நம் அண்ணன்மாரும் அக்காமாரும் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சைச் சுற்றி நின்று கூச்சமின்றிப் பேசலாம், நட்பாகவே இருந்துவிடலாம் என்று அது காட்டியது. பெண்பிள்ளையிடம் நோட்டுப் புத்தகம் கேட்டாலே ஊர் வாயில் விழ வேண்டிய நம் பக்கத்தில் இது சிறிய காரியமா? 2022-இல் அதே பெயரில் புதிய தலைமுறைக்காக மீண்டும் எடுத்தார்கள் என்றால் அதன் செல்வாக்கு விளங்கும்.

ஆனால் இத்தகைய தொடர்களில் 'நான் யார்?' என்று ஒரு பிள்ளை கேட்டால், 'நீ யாரைக் காதலிக்கிறாய்?' என்பதே பதிலாக வருகிறது. படிப்பாளி, பணக்காரன், குறும்புக்காரன் என்று ஆளுக்கொரு முத்திரை உண்டு. நாட்டுப்புறப் பேச்சு பேசுகிறவன் பெரும்பாலும் சிரிப்புக்கு உரியவன். (வடக்கனந்தல் பேச்சைக் கேட்டால் என்ன செய்வார்களோ!) பெற்றோர் எதிர்ப்பார்கள், ஏன் எதிர்க்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நமக்கோ 'நான் யார்?' என்பதற்கு வருவாய்த் துறை கையெழுத்திட்டுப் பதில் கொடுத்திருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவனுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை. அது அவனது உரிமைச் சீட்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆயினும் அதே தாள் காதலின் குறுக்கே வந்து நிற்கும்போது என்ன ஆகிறது? பக்கத்து மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு அருகே, சாதி கடந்து மணந்துகொண்ட ஓர் இளைஞரும் பெண்ணும் 2003-இல் கொல்லப்பட்டார்கள். பெண்ணின் தந்தையும் அண்ணனும் குற்றவாளிகளில் அடக்கம். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025-இல்.

இது தெரிந்த ஊரில் காதல் என்றால் ரோஜாப்பூ மட்டும்தானா?

பெரிய திரை இதைத் தொட்டுவிட்டது. 2004-இல் 'காதல்' தொட்டது. 2018-இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' இன்னும் நெருங்கி வந்தது. சட்டக் கல்லூரியில் ஆங்கிலப் பாடம் புரியாமல் விழிக்கும் பரியன் நம்மில் எத்தனை பேர்! அவனுக்குப் பாடம் சொல்லித் தரும் பெண்ணின் அன்பே அவனுக்கு ஆபத்தாகிறது. இங்கிலாந்தில் 2022-இல் வந்த 'ஹார்ட்ஸ்டாப்பர்' என்ற தொடரில் இரண்டு பள்ளி மாணவர்கள் ஒருவரையொருவர் காதலிப்பதை வெளிப்படையாகவே பேசினார்கள். தங்கள் சமூகம் மறைத்துவைத்ததை அவர்கள் பிள்ளைகள் கதையிலேயே எடுத்து வைத்தார்கள். நாம் மறைப்பதை நம் தொடர்கள் எப்போது எடுத்து வைக்கும்?

விளம்பரம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள் போலும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பது என்றும் சொல்வார்கள். எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பதாலேயே சொல்ல வேண்டும் என்பேன். திரையரங்குக்குப் போகாத பாட்டியும் அங்கேதான் இருக்கிறாள்.

வெள்ளிமலையிலிருந்து பேருந்தில் இறங்கும் ஒரு பெண்ணும், கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் வீட்டுப் பையன் ஒருவனும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேசத் தொடங்கினால் முதல் கேள்வி எந்த ஊர் என்பது. இரண்டாவது, ஊரில் எந்தப் பக்கம். மூன்றாவது கேள்வி தேவைப்படாது. அந்த இரண்டாம் கேள்விக்கு முன்னால் வரும் சிறு தயக்கத்தை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் எழுதும்வரை காத்திருப்பானேன்? அடுத்த ஆண்டு விழா நாடகத்துக்கு இதை எழுத நண்பர்கள் சிலர் இருக்கிறோம். தமிழ்த்துறை ஆசிரியப் பெருமக்கள் அரை மணி நேரம் மேடை தருவார்களா?