கடற்காற்றும் காரின் எஞ்சினும்

லீவு நாளில் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய் வருகிறீர்கள். வீடு திரும்பியதும் குழந்தைகளின் காலில் ஒட்டிய மணலைத் தட்டுகிறீர்கள்; கிளிஞ்சல்களைக் கழுவி அலமாரியில் வைக்கிறீர்கள். காரின் பானெட்டை மட்டும் திறந்து பார்ப்பதில்லை. திறந்தால், அழையாத விருந்தாளி ஒருவர் உங்களோடு கூடவே வந்து எஞ்சின் மேல் உட்கார்ந்திருப்பது தெரியும். அவர் பெயர் உப்பு!

ஒரு நாள் போய் வந்தால் பாதகமில்லை. கோவளத்திலோ கல்பாக்கத்திலோ வீடு. காரும் வருஷம் முழுவதும் அந்தக் காற்றிலேயே நிற்கிறது என்றால்தான் கவலை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கிவிடும். நம் கடற்கரையில் அந்த அளவு ஈரம் சர்வ சாதாரணம். வார்ப்பிரும்பு எஞ்சின் என்றால் சிவப்புத் துரு பிடிக்கும். அலுமினியம் என்றால் வெள்ளைப் பொடி பூக்கும்.

"எஞ்சினுக்கு எதற்கய்யா பெயிண்ட்? மூடிக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று வீட்டுக்காரர் கேட்கக்கூடும். அலங்காரத்துக்கு அல்ல, கவசத்துக்கு என்று சொல்லுங்கள்.

ஆனால் உப்பின் மேல் பூசிய பெயிண்ட் கவசமாகாது. உள்ளே சிக்கிய உப்பு ஈரத்தை இழுத்து, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குத் தொல்பொருள் துறையினர் செய்யும் வைத்தியத்தைக் கேளுங்கள். காகிதக் கூழை நீரில் குழைத்துக் கல்லின் மேல் அப்பி வைக்கிறார்கள். உலரும்போது, கல்லுக்குள் ஊறிய உப்பு கூழுக்கு வந்துவிடுகிறது. பிறகு உரித்து எடுத்துவிடுகிறார்கள். 1,300 வருஷத்துக் கோயிலுக்கே முதலில் உப்பை எடுப்பதுதான் சிகிச்சை என்றால், நம் கார் எம்மாத்திரம்?

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர், காயில், காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் உறையால் கட்டி மூடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை டீகிரீஸர் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். வீட்டுக் கிணற்று நீர் கரிக்கிறது என்றால் அது உதவாது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, கடைசியாகத் தின்னர் நனைத்த துணியால் துடைக்கவும். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. பெட்ரோலால் கழுவுகிற சூரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்! எண்ணெய் வழியும் நெற்றியில் சாந்துப் பொட்டு நிற்பதில்லை அல்லவா? பெயிண்ட்டும் அப்படித்தான்.

இனி, எந்தப் பெயிண்ட்? ஜன்னல் கம்பிக்கு வாங்கி மிஞ்சிய எனாமலும் ரெட் ஆக்சைடும் வேண்டாம். சூட்டில் மஞ்சளித்து உரிந்து போகும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரே ஏறக்குறைய 90 டிகிரி சென்டிகிரேடில் ஓடுகிறது. எஞ்சின் எனாமல் என்றே தனியாக விற்கிறார்கள். சுமார் 250 டிகிரி தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மனிஃபோல்டு இதற்கெல்லாம் மசியாது. அதற்கு 600 டிகிரிக்கு மேல் தாங்கும் சிலிக்கோன் பெயிண்ட் வேண்டும். பிரைமர் அவசியமா என்பதை டப்பாவின் மேலேயே போட்டிருப்பார்கள், படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நிறம்? பழைய கார் என்றால், பிறந்தபோது இருந்த நிறமே உசிதம். மோரிஸ் மைனரின் எஞ்சினுக்குப் பச்சை அழகு. மற்றபடி என் ஓட்டு வெளிர் சாம்பலுக்குத்தான். எண்ணெய் கசிந்தால் சட்டென்று காட்டிக் கொடுக்கும்; கறுப்பு மறைத்துவிடும்.

ரப்பர்க் குழாய், பெல்ட், ஸ்பார்க் பிளக், ஒயர் எல்லாவற்றையும் காகிதமும் டேப்பும் கொண்டு மறையுங்கள். கனமாக ஒரே தடவை அடிப்பதைவிட, மெல்லியதாக மூன்று தடவை அடிப்பது மேல். மாசி, பங்குனியில் வெயில் ஏறி ஈரம் வற்றிய பிறகு, கடற்காற்று எழுவதற்கு முன் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் ஆரம்பித்தால் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும்.

இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல ஒரு கார் உண்டு. வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த தொழிற்சாலையிலிருந்து 1961இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதன் முன்பகுதி முழுவதும், மட்கார்டு உள்பட, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி வந்து பிரஷ் பிடிக்கலாம். இன்றைய கார்களிலோ அலுமினிய எஞ்சினும் பிளாஸ்டிக் மூடியுமாக, கை நுழையவே இடமில்லை. அவற்றுக்கு மாதம் ஒரு முறை துடைத்தாலே போதும்.

பூச்சு காய்ந்தபின், புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல எஞ்சினையும் பழக்க வேண்டும். பத்து நிமிஷம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி சற்று அதிக நேரம் ஓட்டுங்கள். சிறிது புகையும் நெடியும் வரும். ஷெட் கதவைத் திறந்து வையுங்கள். சூடு ஏறி இறங்கினால்தான் பெயிண்ட் இறுகும்.

பழைய கார் வாங்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல மினுமினுத்தால், உடனே மயங்கிவிடாதீர்கள். கசிவை மறைக்கவும் பெயிண்ட் உதவும். அரை மணி ஓட்டச் சொல்லி, நிறுத்திய இடத்தில் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வையுங்கள். எஞ்சின் நம்பரையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்களே பெயிண்ட் அடிக்கும்போதும் அந்த நம்பரின் மேல் முதலில் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையேல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் கத்தியும் கையுமாக நின்று சுரண்ட வேண்டியிருக்கும்.