மலைமேல் ஒரு தாய்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வீட்டில் கிளம்புகிற முதல் கேள்வி, "இந்தத் தடவை எங்கே போகலாம்?" என்பது. இரண்டாவது கேள்வி செலவு. மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: கைக்குழந்தைக்காரியையும் முட்டுவலிக்காரியையும் என்ன செய்வது? அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற பதில், "நீங்க ரெண்டு பேரும் வீட்டிலே இருங்க" என்பதுதான். சகோதரிகளே, அந்த இரண்டு பேரையும் கூடவே அழைத்துப் போய்த் திரும்பிய ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

எங்கள் மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சிதறால் மலைக்கோயில். இதற்குப் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்ற சமண முனிவர்கள் தங்கித் தவம் செய்த மலை என்பதால் அந்தப் பெயர். பெரிய பாறையொன்று முன்னால் நீண்டு, கூரை போலக் கவிந்து நிற்கிறது. அதன் அடியில் இயற்கையாக அமைந்த குகையைத்தான் கோயிலாக்கியிருக்கிறார்கள். பாறைச் சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள். பின்னால் 13ஆம் நூற்றாண்டில் இது பகவதி கோயிலாக மாறியது. இன்றைக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

நாங்கள் போனது நாலு பேர். நான், எண்பதை நெருங்கும் என் மாமியார், என் மருமகள், அவள் இடுப்பில் பத்து மாதப் பிள்ளை. "கைப்பிள்ளையைக் கொண்டா மலை ஏறுவா?" என்று வீட்டு ஆண்கள் கேட்டார்கள். பிள்ளை பிறந்த நாள் முதல் அந்தப் பெண் தடுப்பூசி போடுவதற்கு மட்டுமே வாசற்படி தாண்டியிருந்தாள். கொஞ்ச நாளாகப் பேச்சும் குறைந்துவிட்டது. கேட்டால், "ஒண்ணுமில்லை மாமி" என்பாள். அந்த 'ஒண்ணுமில்லை'தான் எனக்குப் பயமாக இருந்தது. "மலை ஒண்ணும் இமயமலை இல்லை, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டேன்.

புறப்படும் முன் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். பாறை பத்து மணிக்கு மேல் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் போதும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஆனால் பால் கொடுக்கிற தாய் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கணும். இட்டுணவு தொடங்கிய குழந்தைக்குக் கொதித்து ஆறிய தண்ணீரும், நம் ஊர் மட்டிப்பழமும் எடுத்துக்கொண்டால் போதும். மசித்துக் கொடுக்க அதைவிட நல்ல பழம் கிடையாது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது! பெரியவர்களுக்குப் புட்டும் பயறும் பொதிந்துகொள்ளலாம். சிசேரியன் ஆனவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்பணும்.

மலையடிவாரத்திலிருந்து மேலே வரை கல் பாவிய பாதை. செங்குத்து இல்லை, சாய்வான ஏற்றம்தான். முட்டுவலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டுக்கு அதிக பாரம். இறங்கும்போது கையில் கம்பு வேண்டும். சின்னச் சின்ன அடியாக வைக்கணும். வலிக்கிற காலை முதலில் கீழே வைக்கணும். அவசரமே கூடாது.

பாதி வழியில் என் மாமியார் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். "நான் இஞ்ச இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க மக்களே" என்றார்கள். நான் பதில் சொல்வதற்குள் மருமகள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆச்சி, என் தோளைப் பிடிங்க, பைய போவலாம்" என்றாள். பல நாள் கழித்து அவள் தானாக வாய் திறந்து பேசியது அதுதான்!

இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே குறுகலான வழி. அதைத் தாண்டினால் குகைக்கோயில். கீழே ஒரு குளம், தொலைவில் தாமிரபரணியும் மேற்குத் தொடர்ச்சி மலையும். கோடையிலும் பாறை நிழலில் குளுகுளுவென்று காற்று. பிள்ளை அங்கேயே தூங்கிவிட்டான்.

பாறையில் ஒரு பெண் உருவம், பக்கத்தில் இரண்டு குழந்தைகள், ஒரு சிங்கம். "இது ஆரு, பகவதியா?" என்று மாமியார் கேட்டார்கள். சமணர்கள் வணங்கும் அம்பிகா யட்சி என்று சொல்லி, சமண மரபில் சொல்லப்படும் கதையையும் சொன்னேன்.

அவள் ஒரு வீட்டு மருமகள். திதிக்காகச் சமைத்து வைத்திருந்த சாப்பாட்டை, பசியோடு வாசலில் வந்து நின்ற ஒரு முனிவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது குற்றமாகி, புருஷன் அவளை வீட்டை விட்டு விரட்டினான். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டு வழி நடந்தாள். பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தபோது வறண்ட குளத்தில் நீர் ஊறியது; பசித்தபோது பட்டுப்போன மாமரம் காய்த்தது. பிற்பாடு புருஷன் மனம் மாறித் தேடி வந்தான். அவளோ, அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து உயிரை விட்டுவிட்டாள். மறுபிறவியில் அவள் தெய்வமானாள், அவன் அவளைச் சுமக்கும் சிங்கமானான்.

மருமகள் கேட்டுக்கொண்டே நின்றாள். மாமியார்தான் முதலில் பேசினார்கள். "அந்தத் தெருவிலே ஒருத்திகூட அவளுக்குத் துணை நிக்கல்லியா?" என்றார்கள்.

கதையில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் இறங்குகிற வழியில் எங்கள் பெண் பேசினாள். இரவில் தூக்கமே வருவதில்லை, பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் இல்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்றாள். மலைக் காற்று பட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனோம். பிரசவத்துக்குப் பிறகு சில நாள் மனம் கலங்குவது பலருக்கும் உண்டு. அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், உடனே மருத்துவரைப் பார்க்கணும். அது சோம்பலும் இல்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்ததும் இல்லை. குணப்படுத்தக்கூடிய நோய். இப்போது ராத்திரி ஒரு முறை பிள்ளைக்கு என் மகனே எழுந்திருக்கிறான். அவளும் கொஞ்சம் தூங்குகிறாள்.

சிதறாலில் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெண்ணும் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணத் துறவி இந்த மலையின் தெய்வத்துக்குப் பொன் நகை கொடுத்ததைச் சொல்கிறது. குரவர் என்றால் ஆசான். அதற்குப் பெண்பால்தான் குரத்தி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே, பெயர் சொல்லிக் கல்லில் வெட்டும் அளவுக்கு ஒரு பெண் ஆசிரியை இங்கே மதிப்போடு இருந்திருக்கிறாள்! உங்கள் பெண் குழந்தைகளுக்கு அவசியம் இதைச் சொல்லுங்கள்.

உடம்பில் தெம்பு மிச்சமிருந்தால் குலசேகரம் பக்கம் திருநந்திக்கரைக்கும் போகலாம். அது முழுக்க முழுக்கக் குடைவரை. கொப்பரையைச் சுரண்டி எடுப்பது போல உயிர்ப்பாறையைக் குடைந்து சிவனுக்கு மண்டபமும் கருவறையும் ஆக்கியிருக்கிறார்கள். முதலாம் இராஜராஜ சோழன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. மகா சிவராத்திரியன்று "கோவிந்தா, கோபாலா" என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுகிறார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்தில் திருநந்திக்கரை நாலாவது தலம். குகைச் சுவரில் ஒரு காலத்தில் ஓவியங்கள் நிறைந்திருந்தன. கேரள பாணிச் சுவரோவியங்களில் மிகப் பழையவை என்று அறிஞர்கள் இவற்றைத்தான் காட்டுகிறார்கள். இன்று கண்ணுக்குத் தெரிவது மங்கிய கோடுகளும் கொஞ்சம் வர்ணமும்தான்.

கட்டின கோயிலில் ஒரு கல் போனால் இன்னொரு கல் வைக்கலாம். குடைவரையில் போனது போனதுதான், வேறு கல் வைக்க முடியாது. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிலைகளின் மேல் எண்ணெயோ குங்குமமோ பூசாதீர்கள். பக்தியில்தான் செய்கிறோம், ஆனாலும் கல்லின் நுணுக்கம் அதில் மூடிப் போகிறது. ஓவியச் சுவர் அருகே கற்பூரம் ஏற்ற வேண்டாம், புகை படியும். பிள்ளைகள் கையில் கரித்துண்டோ கூரான கல்லோ இருந்தால் வாங்கிவிடுங்கள். தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிற குழந்தையிடம், "இதுக்கு உன் ஆச்சியோட ஆச்சிக்கும் ஆச்சியைவிட வயசு கூட, பைய பார்த்துக்கோ" என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளும்.

அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும்போது, வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். முட்டுவலிக்காரிக்கு ஒரு கம்பும், கைக்குழந்தைக்காரிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு இடுப்பும் போதும். அவர்களும் ஏறிவிடுவார்கள்.