கவிழ்த்த எண்ணெய்

கியர் தானாக மாறும் கார் வைத்திருக்கும் ஆம்பூர் அன்பர்கள் சிலர், கியர் பாக்ஸ் எண்ணெயை வீட்டு வாசலிலேயே மாற்றிக் கொள்கிறார்கள். பேஷாகச் செய்யட்டும். அடிப் போல்ட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வந்துவிடாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு பங்கு தங்கிவிடும். ஆகவே வடிந்ததை அளந்து, அதே அளவு, கம்பெனி சொன்ன ரகத்தையே ஊற்றுகிறார்கள். இத்தனை கணக்குப் பார்க்கிறவர்கள், வடிந்த எண்ணெயை மட்டும் சாக்கடையில் கவிழ்க்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை!

சிவப்பாக உள்ளே போனது, உலோகத் தூளோடு கறுத்து வந்திருக்கிறது. சாக்கடை போய்ச் சேருவது பாலாற்றில். மாலையில் இதே மனிதர்கள் திண்ணையில் உட்கார்ந்து தோல் ஆலைக்காரர்களைச் சபிப்பார்கள். சபிக்கட்டும், நியாயம் உண்டு. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டே, கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லி, இந்த வட்டாரத்துத் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால், ‘கெடுத்தவன்’ என்றால் ஆலை முதலாளி மட்டும்தான் என்று எந்த அகராதி சொல்கிறது, ஐயா?

புது எண்ணெய் வந்த டப்பா காலியாகத்தானே கிடக்கிறது? பழையதை அதில் ஊற்றி மூடி, கழிவு எண்ணெய் எடுத்துக் கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாம். காரை ஜாக்கியில் தூக்குகிற சிரமம்கூட அதில் இல்லை.