மகளின் காதலுக்கு அப்பா நீதிபதியா?

அம்பிகாபதி–அமராவதி கதை தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. படம் பார்த்து அழுதவர்கள் உண்டு. 1937-ல் வந்த படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாக நடித்தார். 1957-ல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் அம்பிகாபதி, பானுமதி அமராவதி.

எல்லோரும் காதலர்களுக்காகக் கண்ணீர் விடுகிறோம். அந்த அரசனைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இன்று அவனைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

நூறு பாட்டு

கம்பரின் மகன் அம்பிகாபதி. சோழ அரசன் குலோத்துங்கனின் மகள் அமராவதி. இருவரும் காதலித்தார்கள். செய்தி அரசன் காதுக்கு எட்டியது. அவன் சீறினான்.

சபை கூடியது. அரசன் ஒரு நிபந்தனை போட்டான். காதல் வாடையே இல்லாமல் அம்பிகாபதி நூறு பாட்டுப் பாட வேண்டும். பாடினால் பெண் கிடைக்கும். தவறினால் தலை போகும்!

அம்பிகாபதி பாடினான். அமராவதி திரைமறைவில் இருந்து எண்ணினாள். முதலில் பாடிய கடவுள் வாழ்த்தையும் ஒன்று என்று கணக்கில் சேர்த்துவிட்டாள். 99 பாட்டு முடிந்ததும் நூறும் முடிந்தது என்று நினைத்து ஆசையோடு எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைக் கண்டான் அம்பிகாபதி. அவ்வளவுதான்! அவன் வாயிலிருந்து காதல் பாட்டு வந்துவிட்டது.

அவன் தலை போயிற்று. அவளும் உயிரை விட்டாள்.

இது வழிவழியாக வந்த கதை. கல்வெட்டில் எழுதிய சரித்திரம் அல்ல. ஆனால் நம் வீட்டுக்கு வேண்டிய பாடம் இதில் இருக்கிறது.

எல்லாம் ஒருவர் கையில்

"ஐயோ, ஒரு பாட்டுக் குறைந்துபோனதே!" என்று சொல்வார்கள். கணக்குத் தவறியதால்தான் இருவரும் மாண்டார்களா?

என் அபிப்பிராயம் வேறு. பெண்ணைப் பெற்றவன் அரசன். குற்றம் சாட்டியவனும் அவனே. நிபந்தனை போட்டவன் அவன். தீர்ப்புச் சொன்னவன் அவன். வெட்டச் சொன்னவனும் அவனே! வழக்குப் போட்டவரே நீதிபதியாக உட்கார்ந்தால் நியாயம் எப்படிக் கிடைக்கும்? 99 பாட்டு சரியாகப் பாடியவனை மன்னிக்க ஒரு வார்த்தை போதும். அதை அவன் சொல்லவில்லை. சபைக்கு முன்னால் விட்ட வார்த்தை அவனுக்குப் பெரிதாகிவிட்டது. நாட்டையே ஆண்ட கை, சொந்த மகளைக் காப்பாற்றவில்லை.

குன்றத்தூர்க்காரர்

அரசன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று சொல்லலாமா? கூடாது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அது நம் பக்கத்து ஊர்க்காரரின் கதை.

பூந்தமல்லிக்குத் தெற்கே இருக்கிறது குன்றத்தூர். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. அவர் சோழனிடம் மந்திரியாக இருந்தார். அரசன் சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான். அது வேண்டாம் என்று சேக்கிழார் நேரே சொன்னார். அரசன் கோபித்துக்கொண்டு வாளை எடுக்கவில்லை. "அப்படியானால் எதைப் படிப்பது?" என்று கேட்டான். சேக்கிழார் சிவனடியார்களின் வரலாற்றைச் சொன்னார். பிறகு அதையே சிதம்பரத்தில் காவியமாகப் பாடி முடித்தார். அரசன் அவரை யானைமேல் ஏற்றினான். தானும் ஏறி, பின்னால் இருந்து கவரி வீசினான்! சேக்கிழார் புராணம் இப்படிச் சொல்கிறது.

அந்த அரசன் இரண்டாம் குலோத்துங்கன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. இவனும் குலோத்துங்கன், அவனும் குலோத்துங்கன். இருவரிடமும் அதிகாரம் இருந்தது. இவன் எதிரே நின்றவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டான். அவன் கேட்கவில்லை.

இன்றைய சபை

இன்று அரசர்கள் இல்லை. ஆனால் அந்தச் சபை இன்னும் கூடுகிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் பல மாவட்டங்களில் இருந்து பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். சிலர் மனம் ஒன்றுபடுகிறது. செய்தி வீட்டுக்குப் போகிறது. பெரியப்பா வருகிறார், மாமா வருகிறார், சாதிப் பெரியவர்கள் வருகிறார்கள். பெண்ணை மட்டும் யாரும் கேட்பதில்லை!

சில இடங்களில் இது கொலையில் முடிகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், சாதி மாறி மணந்த ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். மனைவி படுகாயத்தோடு பிழைத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1954-ம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, 21 வயது நிரம்பிய ஆணும் 18 வயது நிரம்பிய பெண்ணும் சாதி, மதம் பாராமல் பதிவுத் திருமணம் செய்யலாம். 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச் 27 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இப்படிப்பட்ட தம்பதிகளைக் காக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

பெற்றவர்கள் பேசாமல் இருக்க வேண்டுமா? இல்லை. பையன் எப்படிப்பட்டவன், என்ன வேலை, குடிப்பழக்கம் உண்டா என்று விசாரியுங்கள். மகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். புத்தி சொல்வது பெற்றவர் கடமை. தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை அல்ல.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் கோபம் மூளும்போது, மகள் பக்கம் நின்று ஒரு சொல் சொல்லுங்கள். அமராவதிக்காகப் பேச அந்தச் சபையில் ஒருவரும் இல்லை. உங்கள் மகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.